இரைக்கேற்ற கோல், கோலுக்கேற்ற ரீல்

தூண்டில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஒரு மூங்கிற்கழியும், அதன் நுனியில் கட்டிய நரம்பும், மயிலிறகுத் தண்டினாலாகிய தக்கையும், மண்புழு கோத்த முள்ளுமே ஆகும். ஏரிக்கரையில் அமர்ந்து அக்கழியை நீட்டிய பிள்ளைப் பருவத்தில், கோல் எத்தகையது, நரம்பு எத்தகையது, இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பொருந்துமா என்றெல்லாம் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய தேவையும் இருந்ததில்லை. இரையைக் கைக்கெட்டும் தொலைவில் நீரில் இறக்கினோம்; தக்கை அமிழ்ந்ததும் சுண்டித் தூக்கிக் கரையில் போட்டோம். அவ்வளவே.

ஆனால் இரையை முப்பது கஜத்துக்கு அப்பால் எறிந்து, அதனைச் சிறு மீனைப் போலவோ தவளையைப் போலவோ நீரில் நடிக்கச் செய்து, கடித்த மீனை அத்தொலைவிலிருந்தே கரை சேர்க்க வேண்டும் என்று வருகின்றபோது பொருத்தம் என்னும் கேள்வி எழுகின்றது. இக்கேள்வியை மிக நுணுக்கமாக ஆராய்ந்து விடை கண்டவர்கள் அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் மீனைப் பிடிப்போர் ஆவர். வங்காளத்துக் குளங்களிலும், அஸ்ஸாமின் சதுப்பு நீர்நிலைகளிலும், மத்தியப் பிரதேசத்து நீர்த்தேக்கங்களிலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டிலிடும் தமிழன்பர் பலர் உளர். அவர்களுக்கும் அந்த விடை பயன்படும் என்று கருதியே இன்று அதனைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

நான் இதனைக் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாகவே. தாமோதர் பள்ளத்தாக்குப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி புரிந்து ஓய்வு பெற்றபின், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் வாழும் என் மகளிடம் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அந்நகருக்கு அண்மையில் டென்னசி ஆற்றின்மீது 1939-இல் கட்டி முடிக்கப்பட்ட கன்டர்ஸ்வில் அணையும், ஏறக்குறைய 69,000 ஏக்கர் பரப்புள்ள அதன் நீர்த்தேக்கமும் உள்ளன. அதனைக் கட்டியது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். அந்த ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டே நம் நாட்டில் 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் நிறுவப்பட்டது. மைதன் நீர்த்தேக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நீர்ப்பரப்பு அயலிடமாகத் தோன்றவில்லை.

உரிய உரிமச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, எட்டு வயதுப் பேரனுடன் ஒரு கடைக்குச் சென்றேன். உள்ளவற்றுள் மிக வலிய கோல் எதுவோ அதனையும், மிக வலிய பின்னல் நரம்பு எதுவோ அதனையும் வாங்கினேன். இரையைப் பேரன் தேர்ந்தெடுத்தான். வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் ஒவ்வொன்று தொங்கும், வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் மீன் அது. மறுநாட் காலையில் மூன்று மீன்கள் கடித்தன. மூன்றும் பாதி வழியில் அறுத்துக்கொண்டு போயின. நரம்பு அறவில்லை, முள்ளும் ஒடியவில்லை. மூன்றாவது முறை இரையை இழுத்துப் பார்த்தபோது முள்ளின் முனையில் மீனின் வாய்த்தசைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பேரன் அதனை உற்றுப் பார்த்துவிட்டு, “தாத்தா, அதுக்கு ரொம்ப வலிக்குமா?” என்று கேட்டான். அதன்பின் அன்று தூண்டிலைத் தொடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என் கோலை வாங்கி ஒருமுறை வளைத்துப் பார்த்தார். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு இரையைக் கையில் எடுத்தார். நான் கைப்பிடியிலிருந்து தொடங்கி முள்ளில் போய் முடிந்தேன் என்றும், முள்ளிலிருந்து தொடங்கிக் கைப்பிடிக்கு வந்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். முதலில் இரையும் முள்ளும், பின்னர் அதற்கேற்ற நரம்பு, பின்னர் கோல், இறுதியில் ரீல். அவர் சொன்ன இந்த வரிசை ஒன்றே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் செய்தி. மற்றவை அதன் விளக்கங்களே.

அம்மீனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெருவாய்ப் பாஸ் என்னும் பொருளில் ‘லார்ஜ்மவுத் பாஸ்’ என்று அதனை அழைக்கின்றனர். வட அமெரிக்காவுக்குரிய நன்னீர் மீன் அது. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்சு மீனே நெடுங்காலம் யாவற்றிலும் பெரியதாக விளங்கியது. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் பிடித்த மீன் அதற்கு ஈடாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் வழக்கமாகக் கிடைப்பன இரண்டு, மூன்று பவுண்டு மீன்களே. இது துரத்தி ஓடி வேட்டையாடுவதைவிட, மறைந்திருந்து பாய்வதையே பெரிதும் விரும்புவது. நீர்ப்பாசியின் நிழல், விழுந்த மரம், படகுத் துறையின் தூண், ஆழத்துப் பாறை ஆகிய இடங்களில் ஒதுங்கி நிற்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் இரை வேண்டும். அதனாற்றான் இத்துணை வகைக் கோல்கள் தோன்றின.

இனி ரீலைப் பார்ப்போம். கண்டு சுழலும் ரீல், கண்டு அசையாத ரீல் என்று இதில் முதன்மையாக இரு வகைகள் உள. முதல் வகை கோலின் மேற்புறத்தில் அமர்வது. இரையை எறியும்போது அதன் எடை நரம்பை இழுக்க, நரம்பு சுற்றிய கண்டு சுழன்று நரம்பை விடுகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் இவ்வகையை முதன்முதற் செய்தவர்களுள் ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் ஒரு கடிகாரத் தொழிலாளர். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் கண்டு பலமுறை சுழலும்படி பற்சக்கரங்களை அமைப்பது கடிகாரம் செய்பவர்க்குக் கைவந்த கலை அன்றோ?

இவ்வகையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இரை நீரில் விழுந்து நின்ற பின்னும் கண்டு சுழன்றுகொண்டே இருக்குமாயின், நரம்பு வெளியே செல்ல வழியின்றித் தூக்கணாங்குருவிக் கூட்டைப் போலச் சிக்கிக்கொள்ளும். அதனைத் தடுக்கக் கட்டைவிரலால் கண்டை மெல்ல அழுத்திப் பழக வேண்டும். இரை மிகவும் இலேசானதாக இருந்தால் கண்டைச் சுழற்றவே அதற்கு வலு போதாது. ஏழு கிராமுக்குக் குறைந்த இரைகளை இவ்வகையால் எறிவது பெரும்பாலும் வீண் முயற்சியே.

இரண்டாம் வகையை 1905-இல் ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்னும் ஆங்கிலேயர் பதிவு செய்தார். அவர் பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளி. இதன் தத்துவத்தை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் ஓடும் நாடாவுக்குள் தார் அசையாமற் கிடக்க, அதன் ஒரு முனையிலிருந்து நூல் வழுக்கிக்கொண்டு வெளிவருவதை நாம் பார்த்திருக்கின்றோம். அதே முறைதான் இங்கும். கண்டு அசைவதில்லை, ஆதலால் இரை எவ்வளவு இலேசானதாயினும் நரம்பு தடையின்றிச் செல்லும், சிக்கும் குறைவு. இது கோலின் அடிப்புறத்தில் தொங்குவது. புதிதாகக் கற்பவர்க்கு ஏற்றதும் இதுவே.

கோலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு விசைக்கு வளைகின்றது, எந்த இடத்தில் வளைகின்றது. முன்னதை வலு என்போம். பின்னது வளைவு. கடைக்காரர்கள் வலுவைப் பற்றியே மிகுதியாகப் பேசுவர். என் அனுபவத்தில் மீனை இழப்பது பெரும்பாலும் வளைவில் நேரும் பொருத்தமின்மையாலேயே. நுனிமட்டும் வளையும் கோல் முள்ளை விரைவாகவும் ஆழமாகவும் பாய்ச்சும். இடைவரை வளையும் கோல் மீனின் துள்ளலைத் தான் வாங்கிக்கொள்ளும்.

இப்போது என் மூன்று மீன்களுக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். நான் எறிந்த பிளாஸ்டிக் மீனின் முகவாயில் ஒரு தகடு உண்டு. இழுக்கும்போது அத்தகடு நீரைத் தள்ளுவதால் இரை அடியாழத்துக்கு முக்குளித்துத் துடிதுடிக்கும். ‘கிராங்க்பெய்ட்’ என்று இதற்குப் பெயர். இதன் மும்முனை முட்கள் மெல்லியவை, சிறியவை. மீனின் வாயோரத்தில் மேலோட்டமாகத் தைப்பவை. அவை தைப்பதற்குப் பெருவிசை வேண்டியதில்லை, தைத்தபின் கிழியாமல் இருப்பதே வேண்டும். நானோ சிறிதும் நெகிழாத பின்னல் நரம்பையும், சிறிதும் வளையாத கோலையும் கொண்டு இழுத்தேன். மீன் துள்ளிய ஒவ்வொரு துள்ளலும் நேரே அதன் வாயில் சென்று இடித்தது, தசை கிழிந்தது. மேலும், மீன் இரையைக் கவ்வி வாயை முழுதும் மூடுவதற்கு முன்னரே விறைப்பான கோல் அதனைப் பறித்துவிடுகின்றது.

இவ்விரைக்கு ஏழடிக்கு மேற்பட்ட நீளமும், நடுத்தர வலுவும், இடைவரை வளையும் தன்மையும் கொண்ட கோல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வழக்குக்கு வந்த கண்ணாடியிழைக் கோல்கள் மற்ற வேலைகளில் மதிப்பிழந்த பின்னும் இவ்வொன்றிற்காக இன்றும் விரும்பப்படுகின்றன. நரம்பு 10 அல்லது 12 பவுண்டு தாங்கும் ஒற்றை இழை போதும். நரம்பு மெல்லியதாக இருந்தால் இரையும் ஆழமாக முக்குளிக்கும்.

ரீலின் வேகமும் இங்கே கருதத்தக்கது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கண்டு எத்தனை முறை சுழல்கின்றது என்பதனை 5:1, 7:1 என்றவாறு ரீலின்மேற் பொறித்திருப்பர். ஆழத்தில் முக்குளிக்கும் இரை நீரின் எதிர்ப்பை மிகுதியாக வாங்குவது. பல கியர் உள்ள மிதிவண்டியில் மேட்டில் ஏறுகின்றவர் எந்தக் கியரை நாடுவார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆழ இரைக்கு 5:1 அளவிலான மெதுவான ரீலே கைக்கு இதமானது. வேகமான ரீலை வைத்து அரை நாள் இழுத்தால் மணிக்கட்டு வீங்கிவிடும்.

இதற்கு நேர்மாறானது பாசிமேற் செல்லும் தவளை இரை. கன்டர்ஸ்வில் நீர்த்தேக்கத்தில் படகைச் செலுத்திய முதல் நாளே, கையில் சுற்றிக்கொண்ட பாசியைப் பார்த்து வியந்தேன். நம் ஊர்க் குளத்து வேலம்பாசி! ‘ஹைட்ரில்லா’ என்று அவர்கள் அழைக்கும் இப்பாசி 1950-களில் அலங்கார மீன்தொட்டி வணிகத்தின் வழியே இலங்கையிலிருந்து பிளோரிடா சென்று, அங்கிருந்து தென் மாநிலங்களெங்கும் பரவியது. படகோட்டிகளுக்கு அது பெருந்தொல்லை. பாஸ் மீனுக்கோ நல்ல மறைவிடம்.

தவளை இரை உள்ளே வெறுமையான மென்மையான உடலுடையது. இரட்டை முள் அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கியிருப்பதால் பாசியில் சிக்குவதில்லை. மீன் கவ்வும்போது உடல் அமுங்க, முள் வெளிப்படும். பாசிப் படலத்தின்மேல் தத்தித் தத்தி இதனை இழுத்து வருகையில் மீன் கீழிருந்து படலத்தைப் பிளந்துகொண்டு பாயும். அந்த ஓசை கேட்டதும் கை தானே சுண்டிவிடும். சுண்டினாலோ மீன் போயிற்று. ஓரிரு நொடி பொறுத்து, நரம்பில் மீனின் கனம் தெரிந்தபின் உரத்து இழுக்க வேண்டும். இழுத்த கணத்திலேயே மீனைப் பாசியின் மேற்பரப்புக்குக் கொண்டுவர வேண்டும். கீழே பாசிக்குள் தலையை விட்டுவிட்டால் மீனோடு பத்துச் சேர் பாசியையும் சேர்த்து இழுக்க நேரிடும். ஆகையால் இங்கே தடித்த முள், 50 முதல் 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, ஏழடிக்குக் குறையாத மிக வலிய கோல், 7:1 அல்லது அதற்கு மேற்பட்ட வேகமுள்ள சுழற்கண்டு ரீல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். முதல் நாள் நான் வாங்கி வந்த கோலும் நரம்பும் இந்த வேலைக்கு உரியவையே. அந்தத் தூண்டிலில் குறையில்லை. அதற்குரிய இரையைத்தான் நான் கட்டவில்லை.

1949-இல் ஒஹாயோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் உருவாக்கிய மென்மையான பிளாஸ்டிக் புழு மற்றொரு வகை. இதில் முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து வைப்பது ஒரு வழக்கம். கட்டைகளுக்கிடையே இழுத்தாலும் மாட்டாது. ஆனால் அம்முனை புழுவையும் துளைத்து மீனின் தாடையையும் துளைக்க வேண்டுமாதலின், நுனி விரைந்து வளைந்து அடிப்பகுதி விறைத்து நிற்கும் கோல் தேவை. இன்னொரு காரணமும் உண்டு. புழு அடித்தரையில் ஊர்ந்து வருகையில் கல்லில் உரசுவதும், மீன் உறிஞ்சுவதும் கண்ணுக்குத் தெரியா. கோலின் வழியே கைக்கு வரும் சிறு அதிர்வாகவே தெரியும். 1970-களில் வந்த கார்பன் இழைக் கோல்கள் இவ்வதிர்வைத் தெளிவாகக் கடத்துவதனாலேயே பெயர் பெற்றன. மீன் உறிஞ்சுவது எப்படியிருக்கும் என்று பெரியவரிடம் கேட்டேன். நரம்பின் மறுமுனையில் யாரோ ஈரத்துணியை வைத்தது போலிருக்கும் என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகே அது எனக்கு விளங்கிற்று.

கோடையின் நண்பகலிலும், நீர் மிகத் தெளிந்திருக்கும்போதும் மீன் பெரிய இரையை நாடாது. அப்போது விரல் நீளப் புழு, சிறு முள், 6 அல்லது 8 பவுண்டு நரம்பு, மெல்லிய கோல், அசையாக் கண்டு ரீல். இங்கே நரம்பைக் காப்பது ரீலிலுள்ள இழுவைத் தடையே. நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட விசையில் கண்டு வழுக்கி நரம்பை விடுமாறு அதனைத் திருகி வைக்க வேண்டும். மின்னும் தகடு சுழலும் இரைக்கும் பிறவற்றுக்கும் நடுத்தரமான கோலும் 6:1 அளவிலான ரீலும் போதுமாதலால் அவற்றை விரிக்கவில்லை.

வங்காளத்தில் வாழும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கியபோது, அவர்கள் பயன்படுத்தியது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து சென்ற மூங்கிலையே. ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அதற்குப் பெயர். பிற்காலத்தில் சீனத்து டோங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றும் வங்காளிகள் கோலைச் ‘சிப்’ என்றும் ரீலை ‘ஹுயில்’ என்றும் அழைத்து, கட்டணக் குளங்களில் நாள் முழுதும் அமர்ந்திருப்பதைக் காணலாம். பொறுமையில் அவர்களுக்கு நிகர் எவரும் இலர்.

நம் நாட்டு நீர்நிலைகளில் பாஸ் மீனுக்கு ஒப்பாக நான் கருதுவது விரால். வங்காளியில் ‘ஷோல்’. இதுவும் பாசியடியில் பதுங்கியிருந்து தவளையின்மேற் பாய்வது. தாடை இன்னும் கடினமானது, பற்களும் உண்டு. ஆகவே தவளை இரைக்கு நான் சொன்ன வலிய கோலும், வேகமான ரீலும், பின்னல் நரம்பும் விராலுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஊர் திரும்பியபின் ஆசன்சோலுக்கு அண்மையில் ஒரு பாசிக் குளத்தில் உடையவரிடம் இசைவு பெற்று இதனைச் சோதித்துப் பார்த்தேன். முதல் விராலுக்குப் பொறுமையின்றிச் சுண்டிவிட்டேன், இரண்டாவது கரைக்கு வந்தது.

இவ்விரு மீன்களுக்கும் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. பாஸ் மீனில் ஆண் முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். விராலும் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே சுற்றிவரும். அச்சமயத்தில் எதனை எறிந்தாலும் சினந்து பாயும். பிடிப்பது மிக எளிது. பிடித்தாலோ குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். நீர்மட்டத்தில் சிவப்பாக ஒரு கூட்டம் கொப்பளிப்பதைக் கண்டால் நான் கோலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுகின்றேன்.

பாஸ் மீனையே நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கும் இளைஞர்களை நான் சந்தித்ததுண்டு. ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் அதனை விட்டனர். நாளடைவில் அது நாடெங்கும் பரவி உள்நாட்டுச் சிறுமீன்களை அழித்தமையால், 2005-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ் அதனை உயிருடன் கொண்டுசெல்வதும் நீரில் விடுவதும் அங்கே தடை செய்யப்பட்டன. நம் வேலம்பாசி அமெரிக்காவில் செய்த வேலையை அவர்கள் மீன் இங்கே வந்து செய்ய வேண்டியதில்லை. கோலும் ரீலும் வந்தாற் போதும்.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்பவர்க்கு எதைச் சொல்வது? ஏழடி நீளமும், நடுத்தர வலுவும், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வளையும் தன்மையும் உடைய கோல் ஒன்று. அதற்கேற்ற அசையாக் கண்டு ரீல் ஒன்று. 10 பவுண்டு நைலான் நரம்பு. கோலின் அடிப்பகுதியில் எத்தனை கிராம் முதல் எத்தனை கிராம் வரையுள்ள இரையை எறியலாம், எத்தனை பவுண்டு நரம்பைக் கட்டலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதனைக் கண்ணாடி அணிந்துகொண்டாவது படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். இக்கோலால் புழுவையும் எறியலாம், சிறு பிளாஸ்டிக் மீனையும் எறியலாம், சுழல் தகட்டையும் எறியலாம். எதற்கும் முழுப் பொருத்தம் இராது. எதற்கும் பெருந்தீங்கும் நேராது. பாசியின்மேல் தவளையை எறிவதற்கு மட்டும் அதனைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு வேறு கோல் வாங்கியே ஆக வேண்டும்.